பிஸ்டலுக்கு எந்தப் பூச்சு? துருவோடு நடந்த முந்நூறு வருஷச் சண்டை

காலேஜ் நண்பன் ஒருவன் ஹூஸ்டனில் இருக்கிறான். வார இறுதியில் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போவான். போன மாதம் ராத்திரி 11 மணிக்கு போன்.

"மச்சி, ஒரு 1911 பிஸ்டல் ஆர்டர் குடுத்து செய்யச் சொல்லியிருக்கேன்டா. எல்லாம் முடிவாயிடுச்சு. மேல என்ன பூச்சு போடணும்னு மட்டும் தெரியல. எட்டு வகை லிஸ்ட் குடுத்திருக்கான். நீதான் எதையாவது தோண்டிக்கிட்டே இருப்பியே, இதையும் கொஞ்சம் பாரேன்."

நான் துப்பாக்கியைக் கையில் பிடித்தது என்சிசி காலத்தோடு சரி. அதுவும் .22 ரைஃபிள். இருந்தாலும் கேள்வி பிடித்துப்போனது. அவன் அனுப்பிய லிஸ்ட்டைப் பார்த்தபோது ஒன்று புரிந்தது. அது வெறும் விலைப்பட்டியல் இல்லை; ஒவ்வொரு வரியும் ஒரு காலகட்டம். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு போர், ஒரு தொழிற்சாலை, சில இடங்களில் செத்துப்போன சிப்பாய்கள். அவனுக்கு எழுதிய பதில் நீண்டுபோய் இந்தக் கட்டுரையாகிவிட்டது.

முதலில், துரு என்றால் என்ன

இரும்பு, ஆக்சிஜன், தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். இது எல்லோருக்கும் தெரியும். கவனிக்க வேண்டியது வேறு. செந்துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அதனால் ஒட்டி நிற்காமல் பொருக்குப் பொருக்காக உதிரும். உதிர்ந்த இடத்தில் புது இரும்பு காற்றைப் பார்க்கும். மறுபடி துரு. அலுமினியமும் காற்றுபட்டால் ஆக்சைடு ஆகிறதுதான், ஆனால் அந்த ஆக்சைடு இறுக்கமாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றிவிடும். இரும்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆனால் இரும்புக்கு இன்னொரு ஆக்சைடு உண்டு. கறுப்பு நிறம், பெயர் மேக்னடைட். இது உதிராது, ஒட்டி நிற்கும். முழுக் கவசம் இல்லை. நுண்ணிய துளைகள் உண்டு. அந்தத் துளைகளில் எண்ணெய் தங்கும். தோசைக்கல்லைப் பழக்குகிறோம் இல்லையா, அதே சமாசாரம்தான். கறுப்பேறிய கல்லில் எண்ணெய் தடவி வைத்தால் வருஷக்கணக்கில் நிற்கும். சோப்பு போட்டுத் தேய்த்து ஈரத்தோடு வைத்தால் மறுநாள் காலையில் செம்மண் நிறம். துப்பாக்கிப் பூச்சின் முதல் இருநூறு வருஷ வரலாறு இந்தத் தோசைக்கல் கதைதான்.

தேய்த்தே தேய்ந்த குழல்கள்

18ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் தரைப்படையின் மஸ்கெட் துப்பாக்கிகளுக்குப் பூச்சே கிடையாது. பளபளவென்று வெள்ளியாக மின்ன வேண்டும் என்பது கட்டளை. செங்கல் பொடியும் எண்ணெயும் வைத்துச் சிப்பாய்கள் தினமும் தேய்த்தார்கள். அணிவகுப்பில் பார்க்க அழகு. ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் குழலின் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. துருவிடமிருந்து காப்பாற்றச் செய்த வேலையே துருவின் வேலையைச் செய்துவிட்டது.

கடற்படைக்கு அந்த ஆடம்பரம் கட்டுபடியாகவில்லை. உப்புக்காற்றில் பளபளப்பு ஒரு ராத்திரிகூடத் தாங்காது. அதனால் கப்பல்களுக்குப் போன மஸ்கெட்டுகளில் ஒரு வகைக்குக் குழலைக் கறுப்பாக்கியே கொடுத்தார்கள். பளபளப்பானது, கறுப்பானது என்று இரண்டு வகையாகவே கணக்கில் எழுதிவைத்திருந்தார்கள். இடத்துக்கு ஏற்ற பூச்சு என்ற யோசனை அன்றைக்கே இருந்திருக்கிறது.

1800 வாக்கில் வந்த பேக்கர் ரைஃபிளுக்குப் பழுப்புக் குழல். அதை ஏந்தியவர்கள் பச்சை உடை போட்டு மறைந்து நின்று குறிபார்த்துச் சுடுபவர்கள். வெயிலில் குழல் மின்னினால் உயிருக்கு ஆபத்து. துருத் தடுப்போடு மினுக்கத் தடுப்பும் சேர்ந்துகொண்டது.

இந்தப் பழுப்பை உண்டாக்கிய முறைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. குழலில் அமிலக் கரைசலைத் தடவி வேண்டுமென்றே துருப்பிடிக்க விடுவார்கள். மெல்லிய துரு படிந்ததும் தூரிகையால் உதிர்வதை மட்டும் துடைத்துவிடுவார்கள். மறுபடி தடவல், மறுபடி துரு. பல முறை செய்தால் ஒட்டி நிற்கும் பழுப்புத் தோல் ஒன்று வந்துவிடும். நடுவில் கொதிநீரில் போட்டு எடுத்தால் செந்துரு கறுப்பு ஆக்சைடாக மாறிவிடும், நிறம் நீலக்கறுப்பாகும். இதுதான் 'ரஸ்ட் ப்ளூயிங்'. துருவை வைத்தே துருவை நிறுத்துவது. இன்றும் விலை உயர்ந்த வேட்டைத் துப்பாக்கிகளில் இதைச் செய்கிறார்கள். நாள் கணக்கில் ஆகும், அதனால்தான் விலை.

நீலம் எனும் மயக்கம்

1911 மார்ச் 29 அன்று அமெரிக்க ராணுவம் ஜான் பிரவுனிங் வடிவமைத்த .45 பிஸ்டலை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய சோதனையில் 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. சூடேறினால் தண்ணீரில் முக்கி எடுத்துவிட்டுத் தொடர்ந்து சுட்டார்கள். அந்தக் கால அமெரிக்க ராணுவச் சோதனைகளில் துருச் சோதனை என்றே ஒன்று தனியாக உண்டு. துப்பாக்கியின் எண்ணெயை எல்லாம் துடைத்துவிட்டு நவச்சாரக் கரைசலில் ஊறவைப்பார்கள். பிறகு துருப்பிடிக்க விட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். துப்பாக்கி துருப்பிடிக்கத்தான் போகிறது, பிடித்த பிறகும் வேலை செய்கிறதா என்பதுதான் அவர்கள் கேள்வி. மென்பொருள் சோதனை செய்கிறவர்களுக்கு இந்த மனநிலை உடனே புரியும்.

கோல்ட் கம்பெனி அந்த பிஸ்டல்களுக்குக் கொடுத்தது 'கார்போனியா' என்ற நீலம். நன்றாக மெருகேற்றிய எஃகை, எலும்புக்கரியும் எண்ணெயும் சேர்ந்த கலவையோடு உலையில் சுழலும் உருளைக்குள் வைத்துச் சூடாக்குவார்கள். ஆழமான, ஈரம் சொட்டுவதுபோன்ற நீலக்கறுப்பு வரும். பழைய கோல்ட் ஒன்றின் நல்ல புகைப்படத்தைப் பார்த்தால் ஏன் மயங்குகிறார்கள் என்று புரியும்.

ஆனால் ஒரு விஷயம். எந்த வகை நீலமாக இருந்தாலும் அந்தத் தோல் ஏறக்குறைய ஒரு மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனில் அறுபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். தோல் உறையிலிருந்து எடுத்து வைக்க எடுத்து வைக்க, முனைகளில் வெள்ளையாகத் தேயும். எண்ணெய் காய்ந்தால் காப்பு போச்சு. அதன் அழகில் பாதிக்கு மேல் அடியில் உள்ள மெருகுவேலையால் வருவது. 1918இல் போர் அவசரத்தில் மெருகைக் குறைத்து கோல்ட் அனுப்பிய பிஸ்டல்களைச் சேகரிப்பாளர்கள் 'பிளாக் ஆர்மி' என்கிறார்கள். கறுப்பாக, கீறல்கள் தெரிய, பூச்சு உரிந்து கிடக்கும். அதே கம்பெனி, அதே பிஸ்டல், நேரம்தான் இல்லை.

அழகை விட்டுக்கொடுத்த சாம்பல்

போரில் லட்சக்கணக்கில் துப்பாக்கி செய்யும்போது ஒவ்வொன்றையும் மெருகேற்ற முடியாது. அதற்கு விடை பிரிட்டனிலிருந்து வந்தது. பர்மிங்ஹாமைச் சேர்ந்த தாமஸ் வாட்ஸ் காஸ்லெட் 1906இல் ஒரு காப்புரிமை எடுத்தார். இரும்புப் பொருளைச் சூடான பாஸ்பாரிக் அமிலக் கரைசலில் போட்டால் மேலே பாஸ்பேட் படலம் உருவாகும் என்பது அதன் சாரம். இதன் அமெரிக்க உரிமையை கிளார்க் பார்க்கர் என்பவர் வாங்கி, மகனோடு சேர்ந்து 1915இல் டெட்ராய்ட்டில் கம்பெனி தொடங்கினார். அந்தப் பெயர்தான் 'பார்க்கரைசிங்' என்று நிலைத்துவிட்டது.

வேலை செய்யும் விதம் எளிமை. அமிலம் இரும்பின் மேற்பரப்பை லேசாகக் கரைக்கிறது. கரையும் இடத்தில் அமிலத்தன்மை குறைகிறது. குறைந்ததும், கரைசலில் இருக்கும் மாங்கனீசு அல்லது துத்தநாகத்தின் பாஸ்பேட், கரைந்து நிற்க முடியாமல் அங்கேயே படிகமாகப் படிகிறது. ஆக, பூச்சு மேலே ஒட்டவைக்கப்படுவதில்லை, இரும்பிலிருந்தே முளைக்கிறது. படிகங்களுக்கு இடையே நிறைய இடைவெளி. எண்ணெயைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நீலத்தைவிடப் பல மடங்கு தடிமன். மினுக்கமே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கீழே மெருகு வேண்டாம். மணல் வீசிச் சொரசொரப்பாக்கினால் இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

முதல் உலகப் போரின் கடைசியில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலை ரைஃபிள்களில் இதைத் தொடங்கியது. 1941இல் கோல்ட் தன் ராணுவ பிஸ்டல்களையும் நீலத்திலிருந்து சாம்பலுக்கு மாற்றியது. இரண்டாம் உலகப் போரில் 1911ஏ1 பிஸ்டலை அதிகம் செய்தது எந்தக் கம்பெனி தெரியுமா? டைப்ரைட்டர் செய்த ரெமிங்டன் ராண்ட். 8 லட்சத்துக்கு மேல். ரயில்வே சிக்னல் செய்த ஒரு கம்பெனியும் செய்தது. தையல் மிஷின் செய்யும் சிங்கர், பயிற்சி ஆர்டராக 500 மட்டும் செய்துவிட்டுப் பிறகு வேறு ராணுவ வேலைக்குப் போய்விட்டது. அந்த 500 இன்று சேகரிப்பாளர்களின் கனவு. டைப்ரைட்டர் தொழிற்சாலையில் கோல்ட்டின் மெருகுக்காரர்கள் ஏது? பாஸ்பேட் தொட்டி இருந்தால் போதும் என்ற நிலை இல்லாவிட்டால் இவ்வளவு எண்ணிக்கை வந்திருக்காது.

பாஸ்பேட் என்றதும் நமக்கு நினைவுக்கு வரவேண்டிய ஒன்று டெல்லியில் நிற்கிறது. மெஹ்ரௌலி இரும்புத் தூண். சுமார் 1,600 வருஷம். கான்பூர் ஐஐடி பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் அதன் துருப் படலத்தை ஆராய்ந்து, இரும்புக்கும் துருவுக்கும் நடுவே ஒரு இரும்புப் பாஸ்பேட் படலம் உருவாகியிருப்பதை விளக்கினார். அந்த இரும்பில் பாஸ்பரஸ் அதிகம். அன்றைய உலைகளில் சுண்ணாம்புக்கல் சேர்க்காததால் பாஸ்பரஸ் கசடோடு போகாமல் இரும்பிலேயே தங்கிவிட்டது. டெல்லியின் நனைவும் காய்வும் மாறி மாறி வந்து அந்தப் படலத்தை மெல்ல மெல்லக் கட்டியது. உடனே "நம்ம முன்னோர் அப்பவே பார்க்கரைசிங் பண்ணிட்டாங்க" என்று வாட்ஸாப்பில் போட்டுவிடாதீர்கள். தூணில் படலம் பல ஆண்டுகளில் தானாக வளர்ந்தது. டெட்ராய்ட்டில் தொட்டியில் முக்கி வளர்த்தார்கள். இரண்டிலும் காப்பாற்றுவது பாஸ்பேட் என்பதுதான் ஒற்றுமை. அந்த ஒற்றுமையே போதுமான அழகு.

ஒரு முலாம் இல்லாததால்

இதுவரை வெளித்தோலைப் பற்றிப் பேசினோம். துப்பாக்கி துருப்பிடித்தால் ஆளைக் கொல்வது உள்ளேதான்.

பழைய தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் படியும். கிட்டத்தட்ட சமையல் உப்பின் தம்பி. காற்றின் ஈரத்தை இழுத்து ஒரே ராத்திரியில் குழலை அரிக்கும். எண்ணெயில் இந்த உப்பு கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் அந்தக் காலச் சிப்பாய்கள் குழலை முதலில் தண்ணீர்விட்டுக் கழுவினார்கள். ஜப்பான் இரண்டாம் உலகப் போரில் தன் டைப் 99 ரைஃபிளின் குழலுக்குள் குரோம் முலாம் பூசியது. பசிபிக் தீவுகளின் ஈரத்துக்கு அது சரியான முடிவு. அமெரிக்காவும் பாடம் கற்றுத் தன் எம்14 குழலுக்குள் குரோம் பூசியது.

பிறகு எம்16 வந்தது. வியட்நாமுக்கு அனுப்பப்பட்ட ஆரம்ப எம்16களின் தோட்டா அறைக்குள் குரோம் இல்லை. அதோடு வெடிமருந்தின் வகையை மாற்றினார்கள். துடைக்கும் சாமான்கள் போதுமான அளவு அனுப்பப்படவில்லை. அதிகம் துடைக்கத் தேவையில்லாத துப்பாக்கி என்ற பேச்சும் பரவியது. நெல்வயலும் காடும் மழையும் சேர்ந்து தோட்டா அறையில் துரு நுண்குழிகளைத் தோண்டியது. சுட்டதும் பித்தளைக் கூடு விரிந்து அந்தக் குழிகளில் பிடித்துக்கொள்ளும், வெளியே வராது. துடைப்புக் கம்பியைக் குழலின் முன்பக்கம் விட்டு இடித்துத்தான் தள்ள வேண்டும். எதிரி சுட்டுக்கொண்டிருக்கும்போது இதைச் செய்ய வேண்டும். கழற்றிப்போட்ட துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே இறந்துகிடந்த நண்பர்களைப் பற்றிச் சிப்பாய்கள் ஊருக்கு எழுதினார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தில் ரிச்சர்ட் இகோர்டு தலைமையில் துணைக்குழு விசாரித்து 1967 அக்டோபரில் கடுமையான அறிக்கை கொடுத்தது. தோட்டா அறைக்குக் குரோம் வந்தது. பின்னர் முழுக் குழலுக்கும் வந்தது.

குரோம் இல்லாதது மட்டுமே காரணம் இல்லை. வெடிமருந்து மாற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. என்றாலும் ஜப்பானியனிடமிருந்து கற்று, எம்14இல் செய்து, கையில் இருந்த அறிவை அடுத்த துப்பாக்கியில் விட்டுவிட்டார்கள் என்பது உறுத்துகிறது. 'பழைய சிஸ்டத்தில் இந்த செக் ஏன் இருந்தது?' என்று கேட்காமல் புதிதாக எழுதி, மூணாவது மாசம் அடிவாங்கிய அனுபவம் என் தொழிலில் எல்லோருக்கும் உண்டு. எங்களுக்குப் போவது ஒரு வார இறுதி. அங்கே போனது உயிர்.

முலாம், எஃகு, பிறகு தோலுக்குள்ளேயே

இப்போது நண்பனின் லிஸ்ட்டில் உள்ள மற்றவை.

நிக்கல் முலாம் 19ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. கௌபாய் படங்களில் வெள்ளியாக மின்னும் ரிவால்வர்கள் இந்த வகை. அழகுதான். ஆனால் பல முலாம்களில் நிக்கலுக்கு அடியில் செம்பு இருக்கும். குழலில் படிந்த செம்பைக் கரைக்க அம்மோனியா கலந்த திரவம் விற்கிறார்கள். அது ஒரு சின்னத் துளை வழியே நிக்கலுக்கு அடியில் போனால் அந்தச் செம்பையும் கரைக்கும். நிக்கல் செதில் செதிலாக உரியும். 1946இல் அமெரிக்க தர நிர்ணய ஆய்வகத்தில் ஏப்ரஹாம் அல்ல, ஆப்னர் பிரென்னர் என்பவரும் கிரேஸ் ரிடெல் என்பவரும் மின்சாரம் இல்லாமலே நிக்கல் படியவைக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். மின்சார முலாம் முனைகளில் தடிமனாகவும் பள்ளங்களில் மெல்லியதாகவும் படியும். இது எல்லா மூலையிலும் ஒரே அளவில் படியும்.

ஹார்டு குரோம் 1920களில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க்கின் ஆய்வுகளிலிருந்து தொழிலுக்கு வந்தது. சைக்கிள் ஹேண்டில்பார் குரோம் இல்லை இது. எஃகின் மேல் நேராகப் படியும், ராக்வெல் சி அளவில் ஏறக்குறைய 65 முதல் 70 வரை கடினம். 1970களில் போட்டி பிஸ்டல் பைத்தியம் தொடங்கியபோது ஆர்டர் பிஸ்டல்களுக்கு இதுதான் உழைப்பாளிப் பூச்சு என்று பேர் வாங்கியது. சிக்கல்களும் உண்டு. பூசும்போது ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையாக்கும். அதனால் பூசியதும் அடுப்பில் வைத்துச் சூடேற்ற வேண்டும், ஸ்பிரிங்குகளுக்குப் பூசவே கூடாது. தொட்டியில் இருக்கும் அறுவலு குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. பளபளப்பின் விலையைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் தொழிலாளி தருகிறான்.

துருப்பிடிக்காத எஃகின் கதையில் ஒரு வேடிக்கை. ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி 1913இல் அதை வார்த்தபோது அவர் தேடியது துப்பாக்கிக் குழலின் அரிப்புக்கு விடை. விடை கத்திக்கும் கரண்டிக்கும் போனது. முழுக்கத் துருப்பிடிக்காத எஃகில் முதல் ரிவால்வரை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விற்றது 1965இல்தான். அரை நூற்றாண்டு! 1970களில் 1911 பிஸ்டலையே இந்த எஃகில் செய்தபோது ஸ்லைடும் ஃபிரேமும் உரசி ஒன்றையொன்று பிடித்து இழுத்தன. ஒரே மாதிரி துருப்பிடிக்காத எஃகுகள் இரண்டு உரசினால் ஒட்டிக்கொள்ளும் குணம் அது. இரண்டுக்கும் வேறு வேறு கடினம் கொடுத்துத்தான் சமாளித்தார்கள்.

பிறகு 1982. அதுவரை துப்பாக்கியே செய்யாத காஸ்டன் கிளாக்கின் பிஸ்டலை ஆஸ்திரிய ராணுவம் ஏற்றது. எல்லோரும் அதன் பிளாஸ்டிக் ஃபிரேமைப் பற்றிப் பேசினார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது ஸ்லைடு. உருகிய உப்புத் தொட்டியில் 500 டிகிரிக்கு மேல் சூடாக்கி, நைட்ரஜனையும் கார்பனையும் எஃகின் தோலுக்குள்ளேயே ஊடுருவ விட்டார்கள். மேலே தெரியும் கறுப்பு வெறும் உடுப்பு. அது தேய்ந்து எஃகு வெள்ளையாகத் தெரிந்தாலும் காப்பு அப்படியே இருக்கும். பூச்சு என்ற சொல்லே அங்கே பொருந்தவில்லை. இரும்புக்கு மேலே எதையோ போடுவதிலிருந்து, இரும்பின் மேல்பகுதியையே வேறு பொருளாக்குவதற்கு வந்துவிட்டோம்.

லிஸ்ட்டில் கடைசி இரண்டு: டிஎல்சி, செராகோட். முதலாவது வைரம் போன்ற கார்பன் படலம். வெற்றிட அறையில் படியவைப்பது, மூன்று நாலு மைக்ரான், தேய்மானத்துக்கு அசைக்க முடியாதது. ஆனால் நுண்துளைகள் இருக்கும், அடியில் சாதாரண எஃகு இருந்தால் துரு அங்கே நுழையும். செராகோட் என்பது பீங்கான் துகள் கலந்த பெயிண்ட். துரு எதிர்ப்பில் இந்த லிஸ்ட்டிலேயே வலுவானவற்றில் ஒன்று, ஆனால் சுமார் 25 மைக்ரான் தடிமன். உரசும் இடங்களில் பெயிண்ட் பெயிண்ட்தான், தேயும்.

உப்புமூட்டம் சொல்லும் மணிநேரம்

விளம்பரங்களில் ஆயிரக்கணக்கான மணிநேரம் துருப்பிடிக்காது என்று போடுகிறார்கள். அது எதிலிருந்து வருகிறது? 1939இல் அமெரிக்கப் பொருள் சோதனைச் சங்கம் வகுத்த உப்புமூட்டச் சோதனை. 35 டிகிரி பெட்டிக்குள் 5 சதவீத உப்புநீரை மூடுபனியாகத் தூவிக்கொண்டே இருப்பது. எது முதலில் துருப்பிடிக்கிறது என்று ஒப்பிட உதவும். ஆனால் நிஜ உலகம் அந்தப் பெட்டி இல்லை. நிஜத்தில் நனையும், காயும், வியர்வை படும், தோல் உறையில் உரசும், மூலையில் கீறும். பெட்டிக்குள் தூங்கும் தகட்டை யாரும் இடுப்பிலிருந்து எடுத்து வைப்பதில்லை. லேப் பெஞ்ச்மார்க்கில் ஜெயித்த சர்வர் தீபாவளி சேலில் படுத்துக்கொள்வதை நாம் பார்த்ததில்லையா?

அவனுக்கு எழுதியது

கடைசியில் அவனிடம் மூன்று கேள்வி கேட்டேன்.

ஒன்று, இது எங்கே வாழப்போகிறது? வளைகுடா ஓரம், ஈரம், கை வியர்வை. அப்போது நீலம் மனசுக்கு மட்டும்தான். தினமும் துடைக்கத் தயாராக இருந்தால் எடுத்துக்கொள்.

இரண்டு, எவ்வளவு இறுக்கமாகப் பொருத்துகிறார்கள்? ஆர்டர் பிஸ்டலில் ஸ்லைடும் ஃபிரேமும் கையால் தேய்த்துப் பொருத்தப்படுகின்றன. இடைவெளி 25 மைக்ரான் அளவில் நிற்கும். அங்கே 25 மைக்ரான் பெயிண்டைத் தடவினால் ஸ்லைடு நகராது. உப்புத் தொட்டி தடிமனைக் கூட்டாது, ஆனால் சூடு எஃகின் பதத்தைத் தொடலாம். தோல் கடினமான பிறகு ரம்பம் ஏறாது. அதனால் பூச்சைப் பொருத்துவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும், கடைசியில் இல்லை.

மூன்று, தெரியாத இடங்களை யார் கவனிப்பது? 1911இல் துரு முதலில் வருவது கைப்பிடி மரத்துக்கு அடியில். வியர்வை அங்கே தேங்கும். யாரும் கழற்றிப் பார்க்க மாட்டார்கள். தோல் உறையில் வைத்தே பெட்டிக்குள் பூட்டினால் அந்தத் தோலே ஈரத்தையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொடுக்கும். எந்தப் பூச்சும் இந்தச் சோம்பலுக்கு மருந்து இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்தேன். அவனுடையது புதுசு, என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பழையது கையில் வந்தால் தொடாதே. போருக்குப் பிறகு ராணுவப் பட்டறைகள் முதல் உலகப் போரின் நீல பிஸ்டல்களைக் கூட்டம் கூட்டமாகப் பழுது பார்த்துச் சாம்பல் தொட்டியில் முக்கின. துருவிலிருந்து காப்பாற்றினார்கள், சந்தேகமில்லை. ஆனால் 1918இன் அவசரக் கீறலும், யாரோ ஒருவனின் கைபட்டு முனையில் தேய்ந்த வெள்ளையும் அந்தத் தொட்டியோடு போய்விட்டன. கல்வெட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர்களை நாம் திட்டுகிறோம். அதுவும் இதுவும் ஒன்றுதான்.

படித்துவிட்டு மறுநாள் போன் செய்தான். "ஹார்டு குரோம், மேட் ஃபினிஷ். பொருத்துறதுக்கு முன்னாடியே தடிமனைக் கணக்குல வெச்சுக்கச் சொல்லிட்டேன்." கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "டேய், அப்பாவோட பழைய .38 ரிவால்வர் நீலம் தேஞ்சு கிடக்குன்னு சொன்னேன்ல... அதை விட்டுடறேன்டா. எண்ணெய் மட்டும் போட்டு வைக்கச் சொல்றேன்."

அவன் அப்பா காட்டிலாகாவில் இருந்தவர். அந்தத் தேய்மானம் எந்த விரலால் வந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.